டேலி ஆகலை மாமா!

மார்ச் 31 என்பது ஊருக்கெல்லாம் ஒரு தேதி. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருப்பவனுக்கு அது ஒரு ஜுரம். பிப்ரவரி கடைசியில் லேசாகத் தலைவலி ஆரம்பிக்கும். மார்ச் மூன்றாம் வாரத்தில் தூக்கம் போகும். ஏப்ரல் முதல் வாரத்தில் பெண்டாட்டி பெயர் மறக்கும். என் அக்கா பையனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. அதனால் அவன் மறந்தது சாப்பாட்டை மட்டும்தான்.

2024 ஏப்ரலில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு போன் செய்தான். கோயமுத்தூரில் பம்ப் செட்டும் உதிரி பாகமும் மொத்தமாக வாங்கி விற்கிற ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் அக்கவுண்டன்ட். சுற்று வட்டாரத்துக் கடைகளுக்கெல்லாம் கடனில் சரக்குப் போகும். பணம் பின்னால் வரும். (பின்னால் என்றால் ரொம்பப் பின்னால்.)

"மாமா, டேலி ஆகலை."

"எவ்வளவு?"

"எழுபத்து மூவாயிரத்து முந்நூறு."

"எதுக்கும் எதுக்கும்?"

"ஏஜிங்குக்கும் லெட்ஜருக்கும்."

வேறு வேலை பார்க்கும் வாசகர்களுக்காக ஒரு நிமிஷம். உங்கள் ஆபீஸ் வாசலில் இருக்கிற டீக்கடையை நினைத்துக் கொள்ளுங்கள். கடைக்காரர் இரண்டு இடத்தில் எழுதுகிறார். ஆளுக்கொரு பக்கம் போட்ட நோட்டில், இன்னார் இவ்வளவு சாப்பிட்டார், இவ்வளவு கொடுத்தார், பாக்கி இவ்வளவு. அது லெட்ஜர். தமிழில் பேரேடு. இதைத் தவிர ஓர் ஆணியில் சீட்டுகளைக் குத்தி வைத்திருக்கிறார். ஒவ்வொரு சீட்டும் ஒரு நாளின் டீ, வடை. பணம் கொடுத்ததும் அந்தந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். ஆணியில் மிஞ்சியிருக்கிற சீட்டுகளை எடுத்து, இது பத்து நாள் பழசு, இது இரண்டு மாசப் பழசு, இது அந்த ஆள் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போவதற்கு முந்தையது என்று வயசுவாரியாக அடுக்கினால் அதுதான் ஏஜிங் ரிப்போர்ட். நோட்டில் இருக்கிற பாக்கிகளின் கூட்டுத்தொகையும், ஆணியில் இருக்கிற சீட்டுகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒரு டீ சிந்தியிருக்கிறது.

பையன் கம்பெனியில் லெட்ஜர்படி கடைக்காரர்களிடமிருந்து வரவேண்டியது 86,42,310. ஏஜிங் கூட்டினால் 87,15,610. ஆணியில் சீட்டு அதிகம்.

"ஏண்டா, ரெண்டையும் ஒரே கம்ப்யூட்டர்தானே கூட்டுது?" என்றேன்.

"மொதலாளியும் அதையேதான் மாமா கேக்கறாரு. கேட்டுட்டு ஒரு மாதிரியா பாக்கறாரு."

முதலாளி பார்த்த அந்த 'ஒரு மாதிரி' பையனை இல்லை, கலெக்‌ஷன்காரரை.

தாராபுரத்தில் ஒரு கடை. முருகன் பெயர் கொண்டது. (கொங்கு நாட்டில் முருகன் பெயர் இல்லாத கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.) 2023 நவம்பர் 8-ம் தேதி போட்ட 48,500 ரூபாய் பில் ஏஜிங்கில் அப்படியே நிற்கிறது. மார்ச் 31-ல் அதற்கு வயசு சரியாக 144 நாள். நம்பரே கலவரம்! (2024 ஜூலையிலிருந்து அந்தத் தடை உத்தரவுச் செக்‌ஷன் 163 ஆகிவிட்டது. இது அதற்கு முந்தைய கதை.) முதலாளி போன் போட்டால் கடைக்காரர், "அதை டிசம்பர்லயே உங்க ஆளுகிட்ட கேஷாக் குடுத்துட்டனுங்களே" என்கிறார். அவருடைய லெட்ஜரைத் திறந்தால் பணம் வந்ததற்கான என்ட்ரியே இல்லை. லெட்ஜரும் தரவேண்டும் என்கிறது, ஏஜிங்கும் தரவேண்டும் என்கிறது.

கலெக்‌ஷன்காரருக்கு ஐம்பது வயசுக்கு மேல். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறார். டிவிஎஸ் ஃபிஃப்டியில் தாராபுரம், காங்கேயம், உடுமலை என்று அலைந்து வசூல் செய்கிறவர். அன்று மத்தியானம் முதலாளி அவரைக் கூப்பிட்டு, "ரசீது புக்கைக் குடுத்துட்டுப் போ, ஆடிட்டுக்கு வேணும்" என்று வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறார். ஆடிட்டர் ரசீது புக்கைக் கேட்கவில்லை என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். கலெக்‌ஷன்காரருக்கும்.

"இப்ப நீ என்ன பண்ணப் போறே?"

"ஆடிட்டர் நாளன்னிக்கு வராரு மாமா. ஒரு ஜேவி போட்டு வித்தியாசத்தை சஸ்பென்ஸ்ல தள்ளிடலாமான்னு..."

சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது. துப்பறியும் கதை படிக்கிறவராக இருந்திருப்பார். ஒரே வித்தியாசம், கதையில் கடைசி அத்தியாயத்தில் சஸ்பென்ஸ் உடையும். இதில் வருஷா வருஷம் 'தொடரும்' போட்டுக்கொண்டே போகலாம். நான் அக்கவுண்ட்ஸில் குப்பை கொட்டிய காலத்தில் 312 ரூபாயை அப்படித் தள்ளியிருக்கிறேன். அது என்ன 312 என்று இன்றைக்கும் சில சமயம் பஸ்ஸில் போகும்போது யோசிக்கிறேன்.

"அதெல்லாம் வேணாம். இதுவரைக்கும் என்ன தேடினே, சொல்லு."

முறையாகத்தான் தேடியிருக்கிறான். முதலில் தேதி. லெட்ஜரை மார்ச் 31-க்கும், ஏஜிங்கை அன்றைய தேதிக்கும் எடுத்துவிட்டு முடியைப் பிய்த்துக் கொள்கிறவர்கள் நிறைய. ஏப்ரலில் வந்த பணம் ஒன்றில் கழிந்திருக்கும், இன்னொன்றில் கழிந்திருக்காது. அது இல்லை, இரண்டும் 31-ம் தேதிக்குத்தான். அடுத்து ஒன்பதால் வகுப்பது. 54-ஐ 45 என்று எண் மாற்றி எழுதினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். பழைய குமாஸ்தாக்கள் கையில் வைத்திருந்த பிரம்மாஸ்திரம். 73,300-ல் எண்களைக் கூட்டினால் 13. வகுபடாது. பிறகு பாதியாக்குவது. பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாக வரும். எனவே 36,650-க்கு ஏதாவது என்ட்ரி இருக்கிறதா? இல்லை.

"கொடுக்க வேண்டிய பக்கம் பாத்தியா?"

"அதுவும் டேலி ஆகலை. அது சின்ன வித்தியாசம் மாமா, அப்புறம் பாத்துக்கலாம்னு..."

"எவ்வளவு?"

"சப்ளையர் ஏஜிங் 52,18,450. லெட்ஜர் 51,93,650."

"இருபத்தி நாலாயிரத்து எண்ணூறு. ரெண்டு பக்கத்துலயும் ஏஜிங்தான் அதிகம். டேய், கடையாகவும் இருந்து சப்ளையராகவும் இருக்கிற ஆள் யாராவது உண்டா?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கீபோர்டு சத்தம். பிறகு, "அட!"

ஒரு சின்ன பவுண்டரிக்காரர். இவர்களுக்கு வார்ப்படம் சப்ளை செய்கிறவர். தன் பட்டறைக்காக இவர்களிடமே ஒரு மோட்டார் வாங்கியிருக்கிறார், 24,800 ரூபாய்க்கு. "நான் உங்களுக்குத் தரவேண்டியதை நீங்க எனக்குத் தரவேண்டியதுல கழிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார். நியாயம்தானே? ஜனவரியில் ஒரு ஜேவி போட்டுக் கழித்திருக்கிறார்கள். ஆனால் எந்த பில்லுக்கு எதிரே என்று சொல்லாமல் மொத்தத்தில். நோட்டில் இரண்டு பக்கமும் பாக்கி குறைந்துவிட்டது. ஆணியில் இரண்டு சீட்டும் அப்படியே தொங்குகிறது.

இது வெறும் அழகுப் பிரச்னை என்று நினைக்காதீர்கள். 2023-ம் வருஷ நிதிச் சட்டம் வருமான வரியின் 43பி-யில் ஒரு வரி சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தரவேண்டும். கெடு தாண்டி, வருஷம் முடிகிறபோதும் கொடுக்காமல் நின்றால் அந்தச் செலவை அந்த வருஷக் கணக்கில் கழிக்க முடியாது. என்றைக்குக் கொடுக்கிறோமோ அந்த வருஷத்தில்தான். 2023-24 கணக்கு வருஷத்திலிருந்து அமல். எனவே 2024 மார்ச்சில், ஆயுசில் ஏஜிங் ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்காத முதலாளிகள்கூட அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். பவுண்டரிக்காரரின் 24,800 ஏஜிங்கில் 'கெடு தாண்டியது' என்று உட்கார்ந்திருந்தால், ஆடிட்டர் அதை அப்படியே எடுத்து லாபத்தோடு கூட்டிவிடுவார். கழித்துக்கொண்டதைப் பணம் கொடுத்ததாக ஏற்பாரா மாட்டாரா என்பது வேறு வழக்கு. முதலில் கழித்தது அவர் கண்ணில் பட வேண்டாமா?

முன்பெல்லாம் ஏஜிங் என்பது ஆபீசுக்குள்ளேயே சுற்றுகிற காகிதம். 2021 மார்ச்சில் மத்திய அரசு கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைத் திருத்தியது. வரவேண்டிய பாக்கியை ஆறு மாசம், ஒரு வருஷம், இரண்டு, மூன்று, அதற்கு மேல் என்று வயசுவாரியாக பாலன்ஸ் ஷீட்டின் குறிப்பிலேயே அச்சடிக்கச் சொல்லிவிட்டது. கொடுக்க வேண்டியதையும் அப்படியே. லெட்ஜர் தொகை ஒரு பக்கத்தில், ஏஜிங் தொகை இன்னொரு பக்கத்தில். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் ஊர் பார்க்கும். (மூன்று வருஷத்துக்கு ஏன் தனிக் கட்டம் என்கிறீர்களா? லிமிடேஷன் சட்டப்படி மூன்று வருஷம் தாண்டினால் பொதுவாக கோர்ட்டுக்குப் போய் வாங்க முடியாது. அதற்குள் கடன்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ கொஞ்சம் பணம் கொடுத்தாலோ புது ஜன்மம். சில கடைக்காரர்கள் ஏன் எதிலும் கையெழுத்துப் போடவே மாட்டார்கள் என்பது இப்போது புரிகிறதா?)

சரி, தாராபுரத்துக்கு வருவோம். 73,300-ல் 24,800 போனால் மிச்சம் 48,500.

பையன் குரல் இறங்கிவிட்டது. "மாமா... அது தாராபுரம் பில் தொகை. கரெக்டா இருக்கு. அப்ப அவருதான் எடுத்திருக்காரு போல."

"மண்டு! அவர் எடுத்திருந்தா வித்தியாசம் எப்படிடா வரும்?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாருங்கள். எனக்கே அன்றைக்குச் சொல்லும்போதுதான் உறைத்தது. கலெக்‌ஷன்காரர் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆபீசுக்குப் பணமும் வராது, ரசீதும் வராது, என்ட்ரியும் விழாது. தாராபுரம் நோட்டில் 48,500 பாக்கி நிற்கும். ஆணியில் 48,500 சீட்டும் தொங்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பிசகாமல் டேலி ஆகும்! திருட்டு நடந்த கணக்கு அழகாக ஒத்துப்போகும். இங்கே ஒத்துப்போகவில்லை. நோட்டில் 48,500 குறைவாக இருக்கிறது என்றால், அந்தப் பணம் ஆபீசுக்குள் வந்து, யாரோ ஒருவர் கணக்கில் வரவு ஆகியிருக்கிறது. யார் கணக்கு என்பதுதான் கேள்வி. வித்தியாசம்தான் அந்த மனுஷருக்கு சாட்சி. அதைத்தான் நம் பையன் ஜேவி போட்டு அழிக்கப் பார்த்தான்.

"48,500-ன்னு தேடு. டிசம்பர் ரசீது எல்லாத்துலயும்."

இரண்டு நிமிஷம்.

"இருக்கு மாமா. டிசம்பர் 27. காங்கேயம்."

காங்கேயத்திலும் ஒரு முருகன்.

கம்ப்யூட்டரில் முதல் நாலு எழுத்தை அடித்தால் அந்தப் பெயரில் ஆரம்பிக்கிற கடைகள் வரிசையாக வரும். கீழ் அம்புக்குறியை ஒரு தட்டு அதிகம் தட்டினால் தாராபுரம் காங்கேயமாகிவிடும். பஸ்ஸில் போனால்கூட இவ்வளவு சீக்கிரம் போக முடியாது. பெயரைத் தேர்ந்தெடுத்ததும் சாஃப்ட்வேர், 'எந்த பில்லுக்கு?' என்று மரியாதையாகக் கேட்கும். காங்கேயம் கணக்கில் 48,500-க்கு பில்லே இல்லை. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'ஆன் அக்கவுண்ட்' என்று போட்டுத் தள்ளியாயிற்று, அதாவது 'பொதுவாக வைத்துக்கொள், அப்புறம் பார்க்கலாம்'. காங்கேயம் நோட்டில் பாக்கி குறைந்துவிட்டது. ஆணியில் எந்தச் சீட்டும் கிழியவில்லை. (டேலி என்கிற அந்தப் பிரபல சாஃப்ட்வேர், 1986-ல் பெங்களூரில் பரத் கோயங்கா தன் அப்பாவின் வியாபாரக் கணக்குக்காக எழுதியது. அப்பாவுக்காக எழுதியதால்தானோ என்னவோ, இவ்வளவு பொறுமையாகக் கேள்வி கேட்கிறது. நாம்தான் பதில் சொல்வதில்லை.)

"என்ட்ரி போட்டது யாரு?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

"...நான்தான் மாமா."

காங்கேயத்துக்காரர் இதைக் கவனிக்கவில்லையா? பிப்ரவரியில் எல்லாக் கடைகளுக்கும் பாக்கியை உறுதி செய்யச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறது. காங்கேயம் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டது! பாக்கி ஒரு ரூபாய் அதிகம் காட்டினால் உடனே போன் வரும். 48,500 ரூபாய் குறைத்துக் காட்டினால், 'உங்கள் கணக்கு மிகச் சரி, இப்படிக்கு'. இந்தக் கடிதங்களை நம்பித் தூங்குகிற ஆடிட்டர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பாக்கிக் கணக்கில் விளையாட்டு என்றால் சத்யம் ஞாபகம் வராமல் இருக்காது. 2009 ஜனவரி 7-ம் தேதி ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில் எல்லோரும் நினைவு வைத்திருப்பது வங்கியில் இல்லாத 5,040 கோடியை. அதே கடிதத்தில் இன்னொரு வரி உண்டு. வரவேண்டிய பாக்கி என்று புத்தகத்தில் காட்டிய 2,651 கோடியில் 490 கோடி மிகை. அவ்வளவு பெரிய கம்பெனிப் புத்தகத்தில் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் கூடியிருக்கும். அதற்குப் பக்கத்தில் நம் பையனின் 48,500 குழந்தைப் பிள்ளை சமாசாரம்.

ஆனால் குழந்தைப் பிள்ளை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இரண்டாம் தடவை போன் செய்தது.

"மாமா, என்ட்ரியை நானே திருத்திட்டா? காங்கேயத்துல எடுத்துத் தாராபுரத்துல போட்டு, பில்லையும் அடிச்சிட்டா... காலைல டேலி ஆயிருக்கும். யாருக்கும் தெரியாது."

"ரசீது புக்கு எங்க இருக்கு?"

"மொதலாளி டிராயர்ல."

"அதை ஏன் வாங்கி வெச்சாருன்னு உனக்குத் தெரியும்ல?"

நீளமாக ஒரு மூச்சு கேட்டது. வைத்துவிட்டான். எனக்கும் தூக்கம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருஷம், வீட்டில் தங்கை கல்யாணம் பாக்கி. நான் பாட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் நடந்ததை சாயங்காலம் சொன்னான். காலையில் முதலாளி வந்ததும் உள்ளே போய் நின்றிருக்கிறான். இரண்டு ரிப்போர்ட்டையும் மேஜையில் வைத்து, என்ட்ரியைக் காட்டி, "நான் மாத்திப் போட்டுட்டேன் ஸார்" என்றிருக்கிறான். முதலாளி படிப்பு எட்டாவது. ஆனால் வியாபாரத்தில் பழுத்த ஆள். உடனே ஒரு கேள்வி கேட்டாராம்.

"ஏப்பா, காங்கேயம் பணத்தை அவன் முன்னயே செலவு பண்ணிப்போட்டு, அதை அடைக்கத் தாராபுரம் பணத்தைக் காங்கேயம்னு ரசீது போட்டுக் குடுத்திருந்தா? நீ சரியாத்தான் ஏத்தியிருப்ப."

எனக்குத் தோன்றாத கேள்வி! உலகத்தில் நிறைய நடக்கிற வித்தைதான் அது. ஒருவர் பணத்தால் இன்னொருவர் ஓட்டையை அடைப்பது, அதை அடைக்க மூன்றாமவர் பணம், இப்படியே போகும். பையன் அசரவில்லை. "ரசீது புக்கை எடுங்க ஸார், கார்பன் காப்பியைப் பாத்துடலாம்" என்றான்.

டிராயர் திறந்தது. டிசம்பர் 27. கார்பன் கொஞ்சம் மங்கல். ஆனால் எழுத்து குண்டு குண்டாக இருந்தது: தாராபுரம். பக்கத்தில் பில் நம்பர், தேதி, 48,500 முழுசும் எழுத்தால். காங்கேயத்துக்கும் போன் போட்டார்கள். அவர், தான் டிசம்பரில் பணம் எதுவும் தரவில்லை, எல்லா பில்லும் பாக்கிதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "அப்ப அந்தக் கழிவு எனக்கில்லீங்களா?" என்று வருத்தமாகக் கேட்டாராம்.

முதலாளி பையனைத் திட்டவில்லை. "இனிமே ஆன் அக்கவுண்ட்னு ஒண்ணு போட்டாலும் சாயங்காலம் எங்கிட்ட வந்து சொல்லோணும்" என்றார். ஒவ்வொரு மாசமும் பத்தாம் தேதிக்குள் இரண்டு ஏஜிங்கும் லெட்ஜரோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவும் போட்டார். பதினைந்து நிமிஷ வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை செய்தால் மூன்று ராத்திரி.

பத்து மணிக்குக் கலெக்‌ஷன்காரரைக் கூப்பிட்டார். "தாராபுரம் கணக்கு சரியாயிடுச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ரசீது புக்கை எடுத்து நீட்டினார்.

பையன் அவர் பக்கத்தில் போய், "அண்ணா, தப்பு என் மேலதானுங்க" என்று ஆரம்பித்தான். "இருக்கட்டும் தம்பி" என்றவர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, விரலை எச்சில் தொட்டு, புத்தகத்தில் மிச்சமிருந்த வெற்று ரசீதுகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பத்தெட்டு. மறுபடியும் ஒரு தடவை எண்ணினார். முப்பத்தெட்டு.

"சரியா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, பையில் போட்டுக்கொண்டு உடுமலைக்குக் கிளம்பிவிட்டாராம்.